ஆறு கருப்புத் திரைகள்

எதற்கும் பட்டியல் போட்டுக்கொண்டால் தப்பே நடக்காது என்று இருபத்திரண்டு வயதில் உறுதியாக நம்பினேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. டிப்ளமோ முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் புதிதாகத் திறக்கவிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தேன். அங்கிருந்த ஆறு கம்ப்யூட்டர்களும் ஆன் செய்ததும் எந்த நிறத்தில், எந்தத் தோற்றத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை முதலாளி என்னிடம் விட்டார்.

பட்டியல் போட்டேன். நீலம்: எல்லா ஊரிலும் இருப்பது. பச்சை: கட்சி நிறம் என்பார்கள். ரோஸ்: வேண்டாம். கருப்பு: ஜெபராஜ்.

ஜெபராஜ் என்னோடு பாடம் நடத்தச் சேர்ந்தவர். (ஒரே வயதுதான். இருந்தாலும் சார், மேடம்.) வெளிச்சமான திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் அவர் கண்ணில் நீர் கொட்டும். சென்னையில் அவருக்கு ஒரு வேலை வந்திருந்தது. போவதா இருப்பதா என்று முடிவு செய்யாமல் இருந்தார். கண்ணுக்கு இதமாக ஒரு திரை கிடைத்தால் மனிதர் ராஜபாளையத்திலேயே தங்கிவிடுவார் என்று கணக்குப் போட்ட அறிவாளி நான். பின்புலம் முழுக்கக் கருப்பாக்கினேன். உறுத்துமென்று ஐகான்களை எடுத்தேன். அடியில் இருந்த பட்டையையும் மறைத்தேன்.

திறப்பு விழா அன்று காலையிலேயே ஆறையும் ஆன் செய்து தயாராக வைத்தேன். அவற்றின்மேல் பட்டுத்துணியைப் போர்த்தி, என்னைப் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிறுத்திவிட்டார்கள். பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த ஜெபராஜ் எப்போது வருவார் என்று பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். (ஒரு பெரியவருக்கு மூன்று முறை பன்னீர் தெளித்துவிட்டேன்.)

உள்ளே நடந்தது வாசலில் நின்ற எனக்குத் தெரியாது. சூடம் அணையாமலிருக்க ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். முதலாளி துணியை விலக்கினார். ஆறு திரைகளும் கும்மென்று கருப்பாக நின்றன. கரண்ட் போய்விட்டது என்று கூட்டம் ஒருமனதாக முடிவு கட்டியது. ஒரு ஸ்விட்சைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கரண்ட் போனால் உட்கார்ந்து விசிறிக்கொள்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். எல்லோரும் அழைப்பிதழால் விசிறிக்கொண்டு காத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிந்து ராகு காலமும் பிறந்துவிட்டது.

அப்போதுதான் ஜெபராஜ் வந்தார். உள்ளே போய் மௌஸை லேசாக நகர்த்தினார். அடியில் நான் மறைத்த பட்டை எட்டிப் பார்த்தது. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா மெஷின் மூஞ்சில கரியப் பூசி வச்சிருக்கியே."

கூட்டம் சிரித்தது. ஜெபராஜ் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு எரியவே இல்ல மேடம். யாரு யோசன இது?"

இந்தக் கேள்விக்கு இரண்டு வாரமாக மூன்று பதில்கள் தயாரித்து, வரிசை எண்ணும் போட்டு வைத்திருந்தேன்.

"மானுவல்ல போட்டிருந்துச்சு சார்" என்றேன்.

மறுநாள் ஆறு திரைகளும் மஞ்சளாயின, முதலாளியம்மாவின் தேர்வு. ஜெபராஜ் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒரு மாதம் பாடம் நடத்தினார். பிறகு சென்னைக்குப் போய்விட்டார். பஸ் ஏறும்போதும் அவர் கண் கலங்கித்தான் இருந்தது. மஞ்சள் திரையால்தான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால் தம்பி விடமாட்டான். "கரண்ட் போச்சா, இல்ல அக்கா கலர மாத்திட்டாளா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தீப்பெட்டி கையிலேயே இருந்தாலும், இன்னும் செத்த நேரம் இருட்டிலேயே தேடுவேன்.