லிப்ட் அண்ணையின் சைலன்சர்

மனிதன் செய்து வைத்த ஏதாவது ஒரு பொருளோடு சண்டை பிடிக்காமல் லிப்ட் அண்ணை ஒரு நாளைக் கழித்ததாகச் சரித்திரமே இல்லை. பால் பெட்டியின் மூடியோடு சண்டை. ரயில் கதவோடு சண்டை. நோர்வேயின் ட்வெய்ட்டாவில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடிகளில் லிப்ட் திருத்துவது அவருடைய தொழில். ஆனால் தான் திருத்திய லிப்டில் தான் ஏறமாட்டார். பதினோராம் மாடியில் இருந்த என் வீட்டுக்குப் படியால்தான் வருவார். வந்ததும் உட்காராமல் யாரையாவது திட்டத் தொடங்குவார்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடைக்காலம். படியேறி வந்தவர் வழக்கத்துக்கு மாறாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒட்வார் என்னை எல்க் வேட்டைக்குக் கேட்டிருக்கிறார்."

ஒட்வார் பக்கத்துக் கட்டிடத்து ஓய்வூதியக்காரர். எல்க் என்பது மாட்டை விடப் பெரிய காட்டு மான். ஒட்வாரின் வேட்டைக் குழுவில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டதால் ஓர் இடம் காலி. ஓகஸ்ட் முடிவதற்குள் துப்பாக்கிச் சூட்டுத் தேர்வில் பாஸ் பண்ணினால் அந்த இடம் அண்ணைக்கு. அட்டையில் வரைந்த மானின் நெஞ்சில் ஒரு வட்டம். ஐந்து வெடி வைக்கவேண்டும், ஐந்தும் வட்டத்துக்குள் விழவேண்டும்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள், இஞ்சை வந்து துவக்குத் தூக்கிறதோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பதினேழு வருஷமா இந்த நாட்டிலை லிப்ட் நிண்டால் மட்டும்தான் என்னைக் கூப்பிடுறாங்கள். முதல் தரமா ஒரு மனிசன் வேறை ஒண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். போகாமல் விடுறதோ?"

அதனால்தான் அந்தக் கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதையும் அவருக்குத் தாரைவார்த்தேன். எஞ்சினைக் கழற்றிப் பார்க்காத காரை அவர் ஓட்டமாட்டார். என் காரைக் கழற்ற நான் விடமாட்டேன். ஆகவே நான்தான் சாரதி.

அவர் வாங்கிய துவக்கு ஒரு வெடி வைத்ததும் புகையின் விசையால் தானாகவே திறந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. குழுவில் மற்ற எல்லோரிடமும் இருந்தது கையால் இழுத்து ஏற்றுகிற துவக்கு. அதையே வாங்கச் சொன்ன ஒட்வாருக்கு இவர், லிப்ட் கதவைக் கையால் இழுத்துச் சாத்திய காலம் போய்விட்டது என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார். துவக்கின் நுனியில் ஒரு சைலன்சரும் பூட்டினார். நோர்வேயில் அது குற்றமில்லை, வேட்டைக்காரர் பலரும் பூட்டுவதுதான். அண்ணைக்கு அது கட்டாயம். ஊரில் ஷெல் விழுந்ததில் வலது காது போய்விட்டது. மிச்சமிருக்கும் காதுக்குப் பெரிய சத்தம் ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். லிப்ட் சுவரில் அந்தக் காதை வைத்துத்தான் எந்தச் சில்லில் கோளாறு என்று அவர் கண்டுபிடிப்பார். அது போனால் வேலையும் போய்விடும்.

சூட்டுத் திடலில் முதல் வெடியிலேயே வினை வந்தது. சைலன்சர் மறித்த புகைக்கு முன்னால் வழி கிடைக்கவில்லை. துவக்கு தானாகத் திறக்கிற நேரம் பார்த்து அது பின்னால் வந்து அண்ணையின் முகத்தில் அடித்தது. ஒரு மூட்டை வெங்காயம் உரித்தவர் போல எழும்பினார்.

"காதைக் காப்பாத்த வாங்கின சாமான் கண்ணைப் பறிக்குது. இதைச் செய்தவன் ஒரு நாளாவது சுட்டுப் பார்த்திருப்பானோ?"

அடுத்த ஞாயிறு நீச்சல் கண்ணாடி போட்டு வந்தார். அது இரண்டாம் வெடிக்கே ஆவி படிந்து மங்கிவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு என் வீட்டு மேசை மின்விசிறியையும் இருபது மீற்றர் வயரையும் தூக்கி வந்தார். திடல் பொறுப்பாளர் அதை வாசலிலேயே மறித்தார். அங்கேயே இருவருக்கும் வாக்குவாதம். கடைசியில் ஈரத் துவாயால் முகத்தைக் கட்டிக்கொண்டு சுடப் படுத்தார். இரண்டு தரம் தேர்வுக்குப் போய் இரண்டு தரமும் கோட்டை விட்டார். இரண்டாம் தரம் பக்கத்துக்காரரின் மானில் ஆறாவதாக ஓர் ஓட்டை இருந்தது. அந்த மனிதர் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்.

நானும் பொறுமை இழந்தேன். "சைலன்சரைக் கழட்டுங்கோ, இல்லாட்டில் வேட்டையை விடுங்கோ" என்றேன். நாலாம் நாள் படியேறி வந்து, துவக்கு வாங்கிய கடைக்குத் தன்னை ஏற்றிப் போகச் சொன்னார்.

கடையில் துவக்கை மேசையில் வைத்து, நோர்வே மொழியில் தனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் அத்தனையையும் பயன்படுத்திக் கடைக்காரரைத் திட்டினார். கடைக்காரர் அசையாமல் கேட்டார். பிறகு, புகை இலகுவாக வெளியே போகிற சைலன்சரும் உண்டு, அல்லது துவக்குக்குள் போகும் புகையைக் குறைக்க ஒரு திருகு பூட்டித் தரலாம் என்றார். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தரமும் சுட்டுப் பார்க்கவேண்டுமாம். அண்ணை திருகுக்குச் சம்மதித்தார். கொஞ்சம் கொஞ்சமாக என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறவில்லை. அது நல்ல காதில்தான் சொல்லப்பட்டது.

ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. ஒட்வாரும் பார்க்க வந்திருந்தார். அண்ணை படுத்தார். ஒரு வெடி. புகை இல்லை. ஆனால் துவக்கும் திறக்கவில்லை. திருகை ஒரேயடியாக இறுக்கி மூடிவிட்டிருந்தார். தானாகத் திறக்க வேண்டிய துவக்கைக் கையால் இழுத்தார். அடுத்த வெடி. திரும்பவும் இழுத்தார். ஐந்தும் வட்டத்துக்குள்.

இதை விடப் பாதி விலைக்குக் கையால் இழுக்கிற துவக்கே கிடைத்திருக்குமே என்று ஒட்வார் மெதுவாகச் சொன்னார். வரும் வழி முழுக்க எனக்கு அர்ச்சனை.

"அது கையாலை இழுத்தே ஆகவேணும். இது நான் விரும்பி இழுக்கிறன். இந்த வித்தியாசம் விளங்காத மனிசனோடை நான் என்னெண்டு காட்டுக்குப் போறது?"

ஒக்டோபரில் போனார். காலை ஆறு மணிக்கு எங்கள் கட்டிட வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்தரைக்கே நான் ஜன்னலால் பார்த்தேன். துவக்குப் பையும் சுடுதண்ணிப் போத்தலுமாக மழைத் தூறலில் தெருவிளக்கின் கீழ் நின்றுகொண்டிருந்தார். எத்தனை மணிக்கு வந்தாரோ தெரியாது. ஆறு அடித்தது. கார் இல்லை. ஆறு ஐந்து. அப்போதும் இல்லை. வெள்ளைக்காரனுடைய நேர ஒழுங்கு என்று ஊரெல்லாம் புளுகுகிறவர்களை அன்று நான் திட்டிய திட்டு அண்ணைக்கே வராது. கூப்பிட்டுவிட்டு வராமல் விடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆறு பத்துக்கு ஒட்வாரின் கார் வந்தது. அண்ணை கதவைத் திறந்தபடியே கையை ஆட்டி ஏதோ திட்டுவது மேலே இருந்து தெரிந்தது. பிறகு ஏறி உட்கார்ந்தார். கார் வளைவில் மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.