கோபு லைன் மட்டும் போகாது

கோபுவுக்கு ஜெயவேலு தரவேண்டிய கடன் எட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். கடன் பட்டதுகூட ஜெயவேலுவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாங்கி ஒரு வருடம் தாண்டியும் கோபு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

கேட்டால் சண்டை போடலாம். "ஓடியாடா பூடுவேன்?" என்று சட்டையைப் பிடிக்கலாம். கேட்காதவனை என்ன செய்வது? எதிரில் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறான்.

"இன்னாண்ணா, வூட்டு பேட்டரி நல்லா கீதா? தண்ணி ஊத்துனியா?"

வீட்டு இன்வெர்ட்டருக்கு பேட்டரி வாங்கத்தான் அந்தக் கடன். ஆகவே இது நலம் விசாரிப்பு இல்லை, குத்தல் என்று ஜெயவேலு முடிவு கட்டியிருந்தான். போதாக்குறைக்குப் போன மாதம் கோபு பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஒரு கேன் வாங்கி வந்து, ஜெயவேலுவின் மனைவி சரளாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய தர்மபிரபு!

இரண்டு பேருக்கும் வேலை அஸ்தினாபுரத்தில், சம்பந்தத்தின் இன்டர்நெட் கம்பெனியில். கம்பெனி என்றால் மளிகைக் கடைக்கு மேலே ஒரு அறை, நாலு சுருள் ஒயர், ஒரு ஏணி. ஜெயவேலு கேபிள் டிவி காலத்திலிருந்து அந்த ஏணியைச் சுமக்கிறான். சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிப்போய், சட்டை போட்டால் ஒரு பக்கம் நீளமாகத் தெரியும். கோபு நேற்று வந்தவன். தோள் இரண்டும் இன்னும் ஒரே மட்டத்தில் இருந்தன. அதுவும் ஜெயவேலுவின் கண்ணில் பட்டது.

முன்தெரு லைன் ஜெயவேலுவுடையது. பின்தெரு லைன் கோபுவுடையது. கரண்ட் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். கரண்ட் போய்விட்டால் முன்தெருவில் நெட்டும் கூடவே போய்விடும். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள், ஜெயவேலுவைத் திட்ட. பின்தெருவில் ஒருவரும் வெளியே வர மாட்டார்கள். இருட்டில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்ப்பார்கள். ஜெயவேலுவின் வீட்டுப் பின்சுவர் பின்தெருவை ஒட்டியிருந்ததால், நாடகத்தில் மாமியார் அழுகிற சத்தம் அவன் தட்டு வரைக்கும் வரும்.

"நெட்டுன்னா கோபு நெட்டுதான்" என்று ஒருநாள் சரளாவே சொல்லிவிட்டாள். கட்டின பெண்டாட்டி! ஜெயவேலு கோபத்தில் சாப்பிடாமல் படுத்தான். சாப்பிடாததை யாரும் கவனிக்காததால் எழுந்து தானே போட்டுச் சாப்பிட்டான்.

இப்படியிருக்கையில் சம்பந்தம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பெரும்பாக்கத்துல புது லைன் இழுக்குறோம்பா. நெட்டு மெஷின் வைக்க நாப்பது பெட்டி. கரண்ட் போனாலும் லைன் தாக்குப்பிடிச்சு நிக்கணும், அதுக்குப் பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி சின்ன யுபிஎஸ் வேணும். எது நல்லதுன்னு ஆளுக்கு ஒண்ணு பார்த்து உங்க லைன்ல மாட்டுங்க. வர்ற செவ்வாக்கெழமை பராமரிப்புன்னு காலைலேர்ந்து கரண்ட் கட். எவன் லைன் நிக்குதோ, அவன் சொல்றதையே நாப்பதும் வாங்கிடுறேன். பெரும்பாக்கத்துக்கு சூப்பர்வைசரும் அவன்தான்."

சூப்பர்வைசர்! சூப்பர்வைசர் ஏணி ஏற வேண்டாம். கீழே நின்று மேலே கையைக் காட்டினால் போதும். ஜெயவேலுவின் வலது தோள் அந்த வார்த்தையைக் கேட்டதுமே கொஞ்சம் நிமிர்ந்தது.

"எனக்குப் புதுசு வேணாம் சார். இருக்கிறதே போதும்" என்றான் கோபு.

வெளியே வந்ததும் ஜெயவேலு மெதுவாகக் கேட்டான். "டேய், ஒன் பெட்டியில இன்னா யுபிஎஸ்டா கீது?"

கோபு தலையைச் சொறிந்தான். "அது... சும்மா ஒண்ணுண்ணா."

"கம்பெனி பேரு?"

"பேரெல்லாம் பாக்கலண்ணா. வூட்டு பேட்டரி நல்லா கீதுல்ல?"

மறைக்கிறான்! கல்நெஞ்சுக்காரன்!

ஜெயவேலு ரயிலேறி பாரிஸ் கார்னர் போய், சந்துக்குள் ஒரு கடையில் நின்றான். சோப்பு டப்பா அளவில் பத்துப் பதினைந்து யுபிஎஸ்கள் இருந்தன. கடைக்காரர் வாட் என்றார், ஆம்ப் என்றார். ஜெயவேலு ஒவ்வொன்றையும் கையில் வைத்து ஏந்திப் பார்த்தான். கனமாக இருப்பதில்தானே சரக்கு இருக்கும்? இருப்பதிலேயே கனமானதை வாங்கி வந்து தன் பெட்டியில் மாட்டினான். அவனுடைய பெட்டி முன்தெரு ராஜகோபால் சார் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது.

மாலை கரண்ட் போனது. ஜெயவேலு ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் நெட்டும் போனது. யுபிஎஸ்ஸைப் பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் அளவு பேட்டரியும் ஒரு சிமெண்ட் கட்டியும் இருந்தன.

ராஜகோபால் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் அஞ்சம்மாள் மீன் விற்பாள். கோவளத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். அந்த இரண்டு தெருவிலும் அவள் மீன் போடாத வீடில்லை, தெரியாத சங்கதியும் இல்லை. சிமெண்ட் கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது, ஐஸை ரொப்பி எடை ஏத்துறவன்கூட இவ்ளோ துணிய மாட்டானே! எதுக்கு இதெல்லாம் ஒனக்கு? ஒன் வூட்டாண்ட கேட்டுப் பாரேன்."

"அவளுக்கு யுபிஎஸ்ஸைப் பத்தி இன்னா தெரியும்? நீ மீனைப் பாரு."

அஞ்சம்மாள் மீனைப் பார்த்தாள்.

அடுத்து நல்ல கம்பெனி யுபிஎஸ்ஸாக இரண்டு வாங்கினான். ஒன்று தீர்ந்தால் மற்றது கொடுக்கட்டும் என்று முதலாவதன் வால் ஒயரை இரண்டாவதன் வாயில் சொருகி, மிச்சமிருந்த வாலை முதலாவதன் வாயிலும் சொருகிவிட்டான். இனி ஆயுசுக்கும் தீராது என்று கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்து கீக்கீ என்று கத்த ஆரம்பித்தன. ராஜகோபால் தன் காது மெஷின்தான் கெட்டுவிட்டது என்று குரோம்பேட்டை போய்ப் பழுது பார்த்து வந்தார். வந்த பிறகும் கீக்கீ நிற்கவில்லை. மாடிக்கு ஏறிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கரண்ட் இருக்கும்போதே கத்துதே, போனா என்ன பண்ணும்? நெட் வேற காலைலேர்ந்து இல்ல!"

உண்மைதான். இதுவரை கரண்ட் போனால்தான் முன்தெருவில் நெட் போகும். இப்போது கரண்ட் இருக்கும்போதே போயிருந்தது. ஜெயவேலு இரண்டையும் கழற்றினான். காது மெஷின் பில்லையும் அவன் சட்டைப் பையில் ராஜகோபால் சொருகிவிட்டார்.

பிறகு ஒரு பழைய ஆட்டோ பேட்டரி வாங்கி வந்தான். பெட்டிக்குள் அடங்காததால் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான். அது கொஞ்சம் ஒழுகியது. கீழே கொடியில் ராஜகோபாலின் பட்டுக்கரை வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"மூணு ஓட்டை!" என்று வேட்டியை விரித்துப் பிடித்து, அதன் வழியாகவே ஜெயவேலுவைப் பார்த்தார் அவர். "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, உன் பெட்டியையே கழட்டித் தெருவுல போட்டுடுவேன்."

அஞ்சம்மாள் கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "நான்தான் சொன்னேனே, வூட்டாண்ட கேளுன்னு."

ஜெயவேலுவுக்கு இப்போது யுபிஎஸ்கூட முக்கியமில்லை. கோபுவின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஜெயவேலு வீட்டுப் பின்சுவரை ஒட்டியே இருந்த அந்தப் பெட்டிக்குக் கோபு பூட்டு போட்டிருந்தான். இரும்புப்பெட்டியா அது, பூட்டு போட? திங்கள்கிழமை தன் வீட்டுப் பின்சுவரில் ஏறி எட்டிப் பார்த்தான். ஒயர்களுக்கு நடுவே ஒயர்கள். எது எங்கே போகிறது என்று இழுத்தவனுக்கே தெரியாது. பிடிமானத்துக்காக ஒரு கறுப்பு ஒயரில் கை வைத்தான்.

"யோவ்! அதைத் தொடாத!" அடுப்படியிலிருந்து சரளா கத்தினாள். "பக்கத்து வூட்டு மோட்டார் ஒயரு. அடிச்சா தூக்கிப் போட்டுடும்!"

பயந்து இறங்கினான். இறங்கின கோபத்தை இன்வெர்ட்டர் மேல் காட்டினான்.

"நம்ம பேட்டரியும் இப்பல்லாம் சுருக்க எறங்கிடுது. வாங்குனப்போ இப்படியா இருந்துச்சு?"

"ஃபேன் சுத்துதுல்ல? எறங்காம ஏறுமா?" என்று சொல்லிவிட்டு சரளா உள்ளே போனாள்.

ஆனால் அந்தப் பேச்சில்தான் ஜெயவேலுவுக்குப் புத்தியில் பளிச்சிட்டது. பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். வீட்டு பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட். எவ்வளவு சுருக்க இறங்கினாலும் சோப்பு டப்பாவைவிட நிற்காதா?

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் சரளா சமையல் வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஜெயவேலு கையில் பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கி, இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, அவளுடைய பழைய புடவையில் சுற்றி, மொபெட்டில் காலுக்கு நடுவே வைத்து ஓட்டினான். ராஜகோபால் வீட்டுப் படியில் அதை ஏற்றுவதற்குள் இடது தோளும் வலது தோளின் மட்டத்துக்கு வந்துவிட்டது.

"இன்னாப்பா அது, புடவை கட்டிகினு போவுது?" என்றாள் அஞ்சம்மாள்.

"பேசாத அஞ்சம்மா. இன்னிக்கு என் நாளு."

சம்பந்தம் வந்து படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கரண்ட் போனது. முன்தெருவில் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை! ராஜகோபால் வீட்டுக்குள் அவர் பேத்தி கம்ப்யூட்டரில் பாடம் கேட்கிற சத்தம் தொடர்ந்து வந்தது. அப்படி ஒரு சங்கீதத்தை ஜெயவேலு தன் பிறப்பில் கேட்டதில்லை.

சம்பந்தத்தின் போன் அடித்தது.

"சார், பின்தெரு சார். நெட் இல்ல சார்."

வைத்தார். மறுபடி அடித்தது. அதுவும் பின்தெரு. அடுத்ததும் பின்தெரு. ஜெயவேலுவின் ஒரு வருடத்துப் பொருமல் மொத்தமும் குளிர்ந்து தேனாக இறங்கியது.

கோபு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். மாடிப்படியில் அவிழ்ந்து கிடந்த புடவையைப் பார்த்தான், மேலே பார்த்தான், ஜெயவேலுவைப் பார்த்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றான்.

"ஒரு வருஷமா நின்ன லைன் இன்னிக்கு ஏண்டா போச்சு?" என்றார் சம்பந்தம்.

கோபு குனிந்து புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"நான் சொல்றேன் சார்!" ஜெயவேலு படியில் ஒரு படி ஏறி நின்றுகொண்டான். "மட்டமான பேட்டரி சார். எவனோ கடைக்காரன் தலையில கட்டிட்டான். வாங்குனவனும் மாங்கா மாதிரி வாங்கிகினு வந்துட்டான்."

"வேணாண்ணா, வுட்டுடுண்ணா" என்றான் கோபு.

"ஏன் வுடணும்? அந்த பேட்டரியை வாங்குன மாங்கா மடையன் யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியட்டும்!"

அஞ்சம்மாள் சங்கரா மீனின் செதிளைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"நீதாம்பா அது; கோபு லைன் ஓடுனதே ஒன் வூட்டு பேட்டரியிலதான், அதுக்கு மாசாமாசம் வாடகைன்னு ஒன் பொஞ்சாதி கயிச்சு கயிச்சு, ஒன் எட்டாயிரத்து நானூத்தம்பது கடன் போன மாசமே தீந்துபோச்சு."