பதினேழு குளங்களைத் தூர்த்தவள்

முகம் பார்க்காத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க ஆயிரம் முறை யோசிக்கிறோம். முகம் பார்க்காத ஊருக்குத் திட்டம் போட மட்டும் யோசிப்பதே இல்லை. நான் யோசிக்கவில்லை. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏசி அறையில் உட்கார்ந்தபடி, மேற்கு வங்காளத்துக் கிராமம் ஒன்றின் குளங்களை ஒரே மத்தியானத்தில் தூர்த்துவிட்டேன். (காகிதத்தில்தான், பயப்படாதீர்கள்.)

எங்கள் கம்பெனி வருஷத்துக்கு ஒரு கிராமத்தில் ஒரே ஒரு வசதி செய்து கொடுக்கும். அந்த வருஷம், எங்கள் தளத்தில் டீ கொடுக்கும் சபிதா மேற்கு வங்காளத்தில் இருக்கும் தன் ஊருக்கு ஏதாவது செய்யச் சொல்லி மேனேஜர் ஜோசப் சாரைக் கேட்டிருந்தார். சபிதாவின் தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். மழை பிடித்தால் சுகாதார நிலையத்துக்குப் போகும் மண்பாதையில் முழங்கால் அளவு சேறு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

என்ன தேவை என்று அறிக்கை எழுதும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடம் இருக்கிறது, டிக். அடிபம்பு, டிக். கரண்ட், டிக். சுகாதார நிலையம், டிக். அங்கே போக வழி இருக்கிறதா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

அப்புறம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். ஊர் முழுக்கக் குட்டிக் குட்டிக் குளங்கள், மொத்தம் பதினேழு. நான் இதே பெங்களூரில், தொம்மலூரில் வளர்ந்தவள். ஏரி இருந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டும் லேஅவுட்டும் வருவதைப் பார்த்தே பழகிய கண். ‘கொசு வளர்க்கும் தேங்கிய நீர், தூர்த்து விளையாட்டுத் திடல் அமைக்கலாம்’ என்று எழுதி, திடலுக்குப் பச்சை வண்ணமும் அடித்தேன்.

மீட்டிங்கில் டீ தட்டோடு வந்த சபிதா திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அக்கா, அது எங்க குளம்.”

“ஆமா சபிதா, இனிமே அங்க கிரவுண்டு வரப் போவுது!” என்றேன் பெருமையாக.

தட்டை மேஜையில் வைத்தார். “கிரவுண்டுல மீன் பிடிக்க முடியுமா அக்கா? குளிக்கிறது, பாத்திரம் கழுவறது எல்லாம் அதுலதான். வீட்டுக்கு வீடு குளம் இருக்கும். மூடிட்டா எங்க ஊருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?”

ஜோசப் சார் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, எழுதறதுக்கு முன்னாடி இவங்கள ஒரு வார்த்தை கேட்டியா?”

“டேட்டா இருந்துச்சு சார்.”

“தினம் ரெண்டு வாட்டி இவங்க கையால டீ குடிக்கிறியே, அப்பவாவது வாயத் தொறந்தியா?”

“சக்கர கம்மின்னு சொன்னேன் சார்.”

அறையே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. சார் மார்க்கரை சபிதாவிடம் நீட்டினார். சபிதா பலகையில் வீடுகளிலிருந்து சுகாதார நிலையம் வரை ஒரு கோடு இழுத்தார்.

“இங்க செங்கல் பாதை போட்டா போதும் சார். என் தங்கச்சி மழையிலயும் நடந்து போயிடுவா.”

அன்று சாயங்காலம் சபிதாவுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு அறிக்கையைப் புதிதாக எழுதினேன். பெருமழைக்கு முன்பே பாதை முடிந்தது. குடை பிடித்து, நிறைவயிற்றோடு, காலில் சேறில்லாமல் அந்தத் தங்கை நிற்கும் போட்டோவை சபிதா காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் குளம், அதில் வாத்துகள்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னது நான் செய்த இரண்டாவது தப்பு. யாரையும் கேட்காமல் முடிவெடுப்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது ‘குளம் தூர்ப்பது’ என்று பெயர். போன வாரம் மகளுக்கு எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று பட்டியல் போட்டு நீட்டினேன்.

அவள் படிக்கக்கூட இல்லை. “அம்மா, இது எத்தனாவது குளம்?”

“பதினெட்டு” என்று சொல்லிவிட்டு, “சரி, உனக்கு என்ன படிக்க ஆசை?” என்று கேட்டேன்.