பேக்கப்புக்கு எதுக்கும்மா ஃபாயில்?

சிவகாசியில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. லேபிள் ஒட்டாத பொருளைப் பார்த்தால் எங்களுக்குக் கை பரபரக்கும். மற்ற ஊர்க்காரர்கள் மிளகாய்ப்பொடி டப்பாவில் பேனாவால் ‘மி. பொடி’ என்று கிறுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். எங்கள் வீட்டு டப்பாவிலோ நான்கு கலரில் ஒரு மிளகாய் சிரிக்கும், அதன் மேல் வார்னிஷ் பளபளக்கும். (உள்ளே பெரும்பாலும் சீரகம்தான் இருக்கும். அது அம்மாவின் இலாகா.) என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பாவின் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தது இந்த வியாதிதான்.

அப்பா ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். கீழே பிரஸ், மாடியில் வீடு. கல்லூரி முடித்த கையோடு நான் கீழே டிசைன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்தால் மாடியேறி வீடியோ கேம் ஆடுவேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஏழெட்டு கேம் டிஸ்க்குகள் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் ஒரிஜினல். திருட்டு டிஸ்க் வாங்கியவர்களை நான் மனிதர்களாகவே மதித்ததில்லை.

ஆனால் பிரஸ்ஸுக்கு மேலே வீடு என்றால் காகிதத் தூசிக்குப் பஞ்சமே இருக்காது. ஒருநாள், மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு கேமின் கடைசிக் கட்டம். டிராகன் வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் டிஸ்க் நெடுகக் கீறல். நான் அழுத அழுகையைக் கேட்டு, சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அன்றே முடிவு செய்தேன், அந்த கேமை மறுபடி காசு கொடுத்து வாங்கி, எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கப் காப்பி எடுத்துவிடுவதென்று. ஆனால் எடுக்கலாமா? நான் பிரஸ்காரர் மகள், காப்பி என்ற சொல்லே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப்பிடித்துப் படித்தேன். முறையாக வாங்கி வைத்திருப்பவர், தொலைந்தாலோ சேதமானாலோ காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் கம்ப்யூட்டர் புரோகிராமை நகல் எடுத்து வைக்கலாம் என்று அதில் இருந்தது. அடுத்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பால்காரரிடம்கூட அந்தப் பிரிவை விளக்கியிருக்கிறேன்.

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் காப்பி எடுத்து, மார்க்கரால் பெயர் எழுதி, அத்தோடு விட்டிருப்பாள். எனக்குத்தான் வியாதி இருக்கிறதே! அப்பா ஆர்டர் விஷயமாகச் சாத்தூர் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு காலண்டர் வேலையின் ஷீட் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் எல்லா கேமுக்கும் மேலட்டையைச் சேர்த்து அடித்தேன். அதே காகிதம், அதே எழுத்து, அதே டிராகன். டிராகனுக்குப் பின்னால் இருந்த ராத்திரி வானத்தின் நீலம்தான் என்னைப் படாதபாடு படுத்தியது. அதையும் பிடித்தேன். அந்த நீலத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்குத் திமிர் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரிஜினலில் இருப்பதுபோலவே ஓரத்தில் பளபளக்கும் வெள்ளி ஃபாயில் வேறு ஒட்டினேன். டிவிக்குக் கீழே ஒரிஜினலும் காப்பியும் ஜோடி ஜோடியாக நின்றன.

மகனுக்காக என்னைப் பெண் பார்க்க வந்தவர் வேல்ராஜ் அண்ணாச்சி. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனி. அவர் ராக்கெட் பெட்டி லேபிளை யாராவது ஒரு புண்ணியவான் தீபாவளி சீசன்தோறும் டூப்ளிகேட் அடித்துவிடுவான், அண்ணாச்சியும் சளைக்காமல் கேஸ் போடுவார். எந்த லேபிளைக் கண்டாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவது அவர் வழக்கம். டூப்ளிகேட் அடிக்கிறவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு பிரஸ்காரரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். டூப்ளிகேட் அடிக்கிறவன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சீசன் நேரத்தில் அந்த வேலையோடு வந்தவர்களை அப்பா வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிக் காப்பாற்றிய பெயர் அவருடையது.

அண்ணாச்சி, அவர் வீட்டம்மா, மகன் சரவணன், மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் காபி கொடுத்தேன். அண்ணாச்சி டம்ளரைக் கையில் எடுத்தார். கண் டிவிக்குக் கீழே போனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன, எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு?”

“அது பாப்பா வெளையாடுறது அண்ணாச்சி,” என்றார் அப்பா. “காபியக் குடிங்க, ஆறிறப் போவுது.”

அண்ணாச்சி எழுந்து போய் ஒரு ஜோடியை எடுத்தார். டியூப் லைட்டில் சாய்த்தார், சுரண்டினார். “ரெண்டும் கடையில வாங்குனதா?”

அப்பா அப்போதுதான் அதை உற்றுப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் மிஷின் அச்சு தகப்பனுக்குத் தெரியாதா? முகம் வெளிறிப்போனது. “அண்ணாச்சி, நான் சாத்தூர் போயிருந்தப்ப...” என்று இழுத்தார்.

அண்ணாச்சி காபி குடிக்காமல் படியிறங்கினால், சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கச் சேதி பரவிவிடும். கல்யாணம் கிடக்கட்டும், அப்பா பெயர் போய்விடும். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சட்டம் பேசினேன்.

“மாமா, இதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு.”

(பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசிய முதல் வாக்கியம் இதுதான். அம்மா என் முதுகில் கிள்ளிய இடம் இரண்டு நாள் வலித்தது.)

பிரிவை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அண்ணாச்சி கோர்ட்டு வாசலைத் தேய்த்த மனிதர், சும்மா விடுவாரா?

“காப்பிய வித்தியா?”

“இல்ல மாமா.”

“இரவல் குடுத்தியா?”

“ஒரிஜினலையே யாருக்கும் தொடக் குடுக்க மாட்டேன்.”

“நாளைக்கு ஒரிஜினல வித்துட்டீன்னா?”

“அன்னைக்கே காப்பிய ஒடச்சுப் போட்டுறணும்.”

“காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பூட்டு போட்டிருப்பானே, அத ஒடச்சியே?”

“திருடணும்னு ஒடச்சாத்தான் குத்தம். எம்பொருளப் பத்திரப்படுத்த ஒடச்சா குத்தமில்ல,” என்றேன், உச்ச நீதிமன்றமே என் வாய் வழியாகப் பேசுவதுபோல. (இந்த ஒரு கேள்விக்கு வக்கீல்களே இன்னும் தலையைச் சொறிகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் அன்று சொறியவே இல்லை.)

அண்ணாச்சி தலையாட்டினார். அப்பாவுக்கு லேசாக மூச்சு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“சரிம்மா. உள்ள இருக்கிறதுக்குச் சட்டம் எடம் குடுக்கு. மேல இருக்கிற அட்டைக்கு?”

அந்தப் பிரிவில் புரோகிராமைப் பற்றித்தான் இருந்தது. டிராகன் படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“கீறல் விழுந்துருமேன்னு எடுத்து வச்ச, நியாயம். பேக்கப்புக்கு எதுக்கும்மா ஃபாயில்?”

அப்பா தலை குனிந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. கழித்துப் போட்ட லேபிள் ஷீட் ஒன்றுகூட முழுசாக வெளியே போகாது. கட்டிங் மிஷினில் இரண்டாக வெட்டிய பிறகுதான் கழிவுக் காகித மூட்டைக்குப் போகும்.

“இப்பவே வெட்டிருதேன்,” என்று எல்லாப் பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஆவேசத்தில் ஜோடிகள் கலந்துபோயின. அதனால் என்ன, அடித்தவளுக்குத் தெரியாதா? அட்டைகளை உருவி, பளிச்சென்று இருந்ததை ஒரு பக்கம், கொஞ்சம் மங்கலாக இருந்ததை மறுபக்கம் பிரித்தேன். மங்கலானதுதானே டூப்ளிகேட்டாக இருக்க முடியும்? மங்கலான அட்டைகளை அடுக்கி மிஷினில் வைத்துக் கத்தியை இறக்கினேன். ஒரே வெட்டு. டிராகனுக்குத் தலை வேறு, உடம்பு வேறு.

“இனிமே எங்க வீட்டுல டூப்ளிகேட்டே கெடயாது மாமா,” என்று நிமிர்ந்தேன்.

அண்ணாச்சி மிச்சமிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்தார். சாய்த்தார், சுரண்டினார். வெட்டுப்பட்ட துண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏம்மா, நீ வெட்டுனதுல்ல ஒரிஜினலு!”

“இருக்காது மாமா, அது மங்கலா இருக்கே!”

“கம்பெனிக்காரன் லட்சக்கணக்குல அடிக்கான். அவனுக்கு இம்புட்டு அக்கற இருக்குமா?”

அப்பா மேசையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, சூழ்நிலையே மறந்துபோய், “அண்ணாச்சி, இந்த நீலத்தப் பாருங்களேன். எம்மக நம்ம மிஷின்லயே எடுத்திருக்கா!” என்றார். குற்றத்தை மறைக்க வேண்டிய மனிதர் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

பின்னால் நின்ற மாப்பிள்ளை சரவணன் மெதுவாகக் கேட்டார். “அந்தக் காப்பி டிஸ்க்கு நல்லா ஓடுதா?”

“நல்லா ஓடுது,” என்றேன்.

“ரெண்டு பேரு ஆடலாமா?”

அண்ணாச்சி மகனை முறைத்தார். பிறகு என்னிடம், “மிச்சத்தையும் வெட்டு. எம்புட்டு நல்லா இருந்தாலும் டூப்ளிகேட் டூப்ளிகேட்தான்,” என்றார். வெட்டினேன். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. துண்டுகள் மூட்டைக்குப் போகும் முன்பு அண்ணாச்சி ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாடிக்கு வந்தார். ஆடை படிந்து ஆறிப்போயிருந்த காபியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அப்பா அன்று விட்ட பெருமூச்சில் காலண்டர் ஷீட்டுகள் பறந்தன.

தை மாதம் கல்யாணம். பத்திரிகை டிசைன் நான்தான். என் மாமனார் மேடையிலேயே அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கம்பெனி லேபிள் வேலை முழுக்க இப்போது என் பொறுப்பு. என் கேம்கள் மொட்டைப் பெட்டிகளில் மார்க்கர் எழுத்தோடு நிற்கின்றன. பேக்கப் டிஸ்க்குகளும் பத்திரமாக இருக்கின்றன, சட்டப்படி.

விஸ்வநத்தம் ஆபீசில், மாமனார் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் தலையில்லாத ஒரு டிராகன் தொங்குகிறது. ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும் காபி வருவதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவார். பக்கத்து அறையில் நான் மேசைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

“எங்க லேபிள எத்தனையோ பேரு டூப்ளிகேட் அடிச்சிருக்கானுக. ஒருத்தனுக்கும் வேல தெரியாது. டூப்ளிகேட்னா இந்தா, இப்படி இருக்கணும். எங்க மருமக அடிச்சது!”

சொல்லிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் கண்ணாடியை ஒரு தட்டு தட்டுவார்.

“ஃபாயிலப் பாத்தீகளா?”