மூணரை மணி நேரத்துல அமெரிக்கா

போன மாசம் அமெரிக்கா போயிருந்தனுங்க. தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். மாமன்னு இருக்கறது நான் ஒருத்தன்தான்.

நாமக்கல்ல இருவது வருசமா லாரி ஓட்டறேன். பிளேன்ல ஏறுறது இதுதான் மொதத் தடவ.

தங்கச்சி வாட்ஸ்அப்புல பேசி அனுப்பிச்சிருந்தா. "அண்ணா, ஞாயித்துக்கெழமதான் ஹால் கெடச்சுது. நீங்க எறங்குற அன்னைக்கே ராத்திரி ஏழு மணிக்கு விசேசம். பிளேன்லயே நல்லாத் தூங்கீட்டு வந்துருங்க."

டிக்கெட்டப் பாத்தேன். பெங்களூருல ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்குக் கெளம்புது. சான் பிரான்சிஸ்கோவுல அதே நாளு சாயங்காலம் அஞ்சரைக்குப் போய்ச் சேருது.

கழிச்சுப் பாத்தேன். மூணரை மணி நேரம்! இதுக்கு என்னத்தத் தூங்கறது?

"ஏனுங்க, பதினாலாயிரம் கிலோமீட்டர்னு போன்ல காட்டுதே?"ன்னு ஊட்டுக்காரி கேட்டா.

"அம்மிணி, மேல டோல்கேட்டு உண்டா, செக்போஸ்ட்டு உண்டா? ஒரே அழுத்து! நம்மூர்ல இருந்து பெங்களூரு ஏர்போர்ட்டுக்குத்தான் அஞ்சு மணி நேரம் ஆகும்."

பெரிய மேதாவியாட்டம் சொன்னேன். அவளும் நம்பீட்டா, பாவம்.

பிளேன்ல எனக்கு மொத வரிசை. முன்னாடி சீட்டே இல்ல, ஒரு தடுப்புதான். அதுக்கு அந்தப்பக்கம் பைலட்டுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

லாரியில ஒரு சட்டம் இருக்குதுங்க. டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்தவன் தூங்கக்கூடாது. அவன் கண்ணு சொக்குனா டிரைவருக்கும் சொக்கும். நான் முழிச்சே உக்காந்திருந்தேன்.

வாட்ச்சுல அஞ்சரை ஆச்சு. எந்திரிச்சுப் பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னுட்டேன்.

பணிப்பெண் ஓடி வந்துச்சு. பக்கத்து சீட்டு சேலத்துத் தம்பி கேட்டாரு: "எங்கீங்க போறீங்க?"

"அஞ்சரை ஆச்சுங்களே, எறங்க வேண்டாமா?"

"அது அவங்க ஊரு அஞ்சரைங்க! இன்னும் பன்னெண்டரை மணி நேரம் இருக்குது. உக்காந்து தூங்குங்க."

மூணரை மணி நேரம்னா சரி. பதினாறு மணி நேரம் ஒரு மனுசன் ஒத்தையில ஓட்டறான், நான் தூங்கறதான்னு நம்ம லாரிச் சட்டத்த அவருகிட்டச் சொன்னேன்.

"மூணு நாலு பைலட்டு மாறி மாறி ஓட்டுவாங்க. அதுவுமில்லாம அவங்க உங்களப் பாக்கவே முடியாதுங்க!"ன்னாரு தம்பி.

மனசு கேக்கோணுமே! அவரு போத்திக்கிட்டுக் கொறட்ட உட்டாரு. நான் காப்பி மேல காப்பி வாங்கிக் குடிச்சு, அந்தத் தடுப்பையே பாத்துக்கிட்டு அமெரிக்கா வரைக்கும் பிளேன ஓட்டுனேன்.

ஏழு மணி. பட்டு வேட்டி கட்டி ஹால்ல உக்காந்தேன். பாப்பாவ மடியில வெச்சாங்க. மெத்துனு இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கண்ணு முழிச்சா, எலையெல்லாம் எடுத்துட்டாங்க. பாப்பா காதுல தோடு மின்னுது.

"பாப்பா ரொம்ப அழுதாளா?"ன்னு தங்கச்சியக் கேட்டேன்.

"எங்கண்ணா அழுதா? நீங்க உட்ட கொறட்டையில, வாயப் பொளந்து உங்களையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்குள்ள ரெண்டு காதும் குத்தியாச்சு. நீங்க உழுந்துருவீங்கன்னு உங்க மாப்பிள்ளதான் உங்களப் புடிச்சுக்கிட்டு நின்னாரு."

ஆல்பத்துல அத்தன போட்டாவுலயும் பாப்பா முழிச்சிருக்குது, மாமன் தூங்கறான்.

பிளேன்ல போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: தைரியமாத் தூங்குங்க, பிளேன பைலட்டுங்களே பாத்துக்குவாங்க.