காது முளைத்த கணினி

மென்பொருளோடு வரும் விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை. புள்ளிக்காரர் படித்தார். நாற்பத்திரண்டு பக்கத்தையும், ஒரு வாரம் உட்கார்ந்து, வரி விடாமல்.

படிப்பதுதான் அவர் தொழில். பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். மெய்யெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தெருவில் அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அடையாள அட்டையைப் புதுப்பிக்க அரசாங்க மென்பொருளை வீட்டுக் கணினியில் ஏற்றியாக வேண்டும் என்றார்கள். ஏற்றினார். விதிமுறைகளில் பதினோரு எழுத்துப் பிழைகளைப் பிடித்து உற்சாகமாக இருந்தவர், முப்பத்தெட்டாம் பக்கத்தில் பிழையே இல்லாத ஒரு வரியைப் பார்த்துத்தான் ஆடிப்போனார்.

'கணினியின் கேமரா, மைக் வழியே கிடைக்கும் தகவல்களைத் துறை தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளும்.'

மருந்துப் பெட்டியைத் திறந்தார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினார்.

"கம்ப்யூட்டர் கீழ விழுந்துடுச்சா?" என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு. கேக்குது."

"எது?"

"அரசாங்கம்."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. போய்விட்டாள்.

புள்ளிக்காரர் குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மைக் எங்க இருக்குன்னு சொல்லு. கேமராவை மூடிட்டேன்."

"அது உள்ள இருக்கு மாமா, மூட முடியாது. கேமராவை எதுக்கு மூடினீங்க?"

"பார்க்கக் கூடாதுன்னுதான்."

"இவ்வளவு நாளாத் தெரிஞ்ச வீடு திடீர்னு இருட்டானா, உள்ள என்னமோ நடக்குதுன்னுல்ல நினைப்பாங்க?"

மச்சினன் விளையாட்டுக்குச் சொன்னான். மாமா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் திருத்திக்கொண்டிருந்தது குடிமையியல் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம், துறைக்குத் துறை, அரசாங்கத்தை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திருத்துவது அவர் வழக்கம். அத்தனையும் அந்தக் கணினிக்கு முன்னால்தான். இந்த வேலை போனால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

சொன்னதையெல்லாம் மாற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பறைக் குரலில் ஆரம்பித்தார்.

"நம்ம அரசாங்கத்துக்கு என்ன குறைச்சல்? ரோடு எவ்வளவு நல்லா இருக்கு. தண்ணி சொட்டு வீணாகாம எவ்வளவு ஒழுங்கா வருது."

அந்த நேரம் பார்த்து மனைவி வாசலிலிருந்து வந்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தாள். வாசல் குழாய் உடைந்து இரண்டு வருஷம். எழுதிக் கொடுத்த மனுக்களையெல்லாம் அடுக்கினால் குடிமையியல் புத்தகத்தைவிடத் தடிமனாக வரும்.

"ஒழுங்கா வருதா?" என்றாள். "தள்ளுங்க."

"வேண்டாம்மா, கேக்குது."

"கேக்கட்டுமே. அதுக்குத்தானே நானும் ரெண்டு வருஷமா அலையறேன்."

கணினிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, வீட்டு எண், தெரு, குழாய் உடைந்த தேதி, அதில் வழுக்கி விழுந்தவர்களின் எண்ணிக்கை எல்லாம் சொன்னாள். கடைசியில் சம்பந்தப்பட்ட அதிகாரி வீட்டுக் குழாயில் காற்று மட்டுமே வரவேண்டும் என்று வாழ்த்தினாள். புள்ளிக்காரர் தலையணையைத் தூக்கிக் கணினி மேல் அமுக்கினார். அவள் தலையணையைப் பிடுங்கிவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்கு நாலு பேர் வந்து, வாசலைத் தோண்டி, குழாயை மாற்றி, மண்ணையும் மூடிவிட்டுப் போனார்கள்.

புள்ளிக்காரர் கணினியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். "பார்த்தியா, நிஜமாவே கேக்குது."

"ஆமாங்க," என்றாள் மனைவி, முகமெல்லாம் பல்லாக. "நிஜமாவே கேக்குது."

மாடி வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னாள். சாயந்திரத்துக்குள் வரிசை வாசல்வரை நின்றது. ஒருவருக்குத் தெருவிளக்கு. ஒருவருக்கு இறந்து நாலு வருஷமான அப்பாவின் இறப்புச் சான்றிதழ். அலுவலகத்தில் அப்பாவையே நேரில் வரச் சொல்கிறார்களாம். மூன்றாம் வீட்டு மருமகள் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அது அரசாங்கத்துக்கு வராதும்மா," என்றார் புள்ளிக்காரர்.

"காதுல விழட்டும் அங்கிள். எதுக்காவது ஆகும்."

"குழாய் தற்செயலா நடந்தது," என்று எல்லோரிடமும் கெஞ்சிப் பார்த்தார். மனுஷன் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒயரைப் பிடுங்கினார். தெருவே மனைவியிடம் புகார் சொன்னது. அவள் திரும்பச் சொருகினாள். மென்பொருளையே எடுத்துவிடலாம் என்றால், 'நீக்குவதற்கான காரணம்?' என்று கேட்டது. 'சொந்தக் காரணம்' என்று அடித்தார். 'சொந்தக் காரணத்தை விளக்கவும்' என்றது. இரண்டு மணி நேரம் எழுதினார், அழித்தார், திருத்தினார். படித்துப் பார்த்தால் பிழையில்லாத வாக்குமூலமாக வந்திருந்தது. பயந்துபோய் மூடிவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் ஜீப் வந்து நின்றது. முன்னால் பலகை: 'தகவல் கண்காணிப்புத துறை'. த்-இல் புள்ளி இல்லை. அந்த நிலையிலும் அவர் கை பேனாவைத் தேடியது.

வரிசை நொடியில் கரைந்தது. இரண்டாவதாக நின்றவர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார். அதிகாரி இறங்கினார், ஐம்பது வயது, கையில் தடித்த கோப்பு.

"கம்ப்யூட்டர் முன்னாடி பேசுற வீடு இதுதானே?"

புள்ளிக்காரர் முந்திக்கொண்டார். "சார், நான் பிழையத்தான் திருத்துவேன். அரசாங்கத்தைத் திருத்தணும்னு நினைச்சதே இல்ல. திட்டினது பூரா குடிமையியல் புத்தகத்தை. இவளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"இருக்கு," என்றாள் மனைவி. "குழாய் நான் சொன்னது."

அதிகாரி இருவரையும் பார்த்தார். கணினியைப் பார்த்தார்.

"அந்தப் பிளாஸ்திரிய எடுங்க."

எடுத்தார். பாதிதான் வந்தது. மீதியை மனைவி உரித்தாள்.

"கதவைச் சாத்துங்க."

சாத்தினார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். கோப்பைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயா, உங்க கண்காணிப்புத் துறையிலேர்ந்துதான் வந்திருக்கேன், ஏழு வருஷமா இடமாறுதல் கேட்டு எழுதிப் போடுறேன், அங்க ஒருத்தர் காதுலயும் விழல, இந்த வீட்டுல வந்து சொன்னாத்தான் கேக்குதுன்னாங்க."