பானட்டில் காய்ந்த மருந்து

எண்பதுகளின் தொடக்கத்தில், சின்னமனூருக்கும் மேகமலைக்கும் இடையே, புஸ் கண்டக்டரின் மருந்து படாத முழங்கால் என்று ஒன்று கிடையாது. எங்கள் பஸ்ஸுக்கு முழங்கால் இருந்திருந்தால் அதற்கும் இரண்டு அடி அடித்திருப்பார்.

அந்த பஸ்ஸின் டிரைவர் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தெரிந்த ஒரே தொழில் ஸ்டியரிங். கண்ணும் தோளும் போனால் பிழைப்பு போச்சு என்ற பயம் தினமும் என்னோடு வண்டி ஏறும், அதற்கு டிக்கெட் கிடையாது. புறப்படுமுன் ஆறு சக்கரத்து நட்டையும் மூன்று தரம் தட்டிப் பார்ப்பேன். எனக்கு வாய்த்த கண்டக்டரோ, பயம் என்றால் அது எந்த ஸ்டாப் என்று கேட்கிற ஆள்.

ஐம்பது வயது. நடந்தால் முழங்கால் இரண்டும் பொரிகடலை மெல்லுகிற மாதிரிச் சத்தம் போடும். அதைக் கேட்டு இரக்கப்பட்டுத்தான் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி பாய் ஒருவர், சவுதியிலிருந்து மகன் கொண்டுவந்த வலி ஸ்பிரேயில் இரண்டு டப்பாவைக் கொடுத்தார்.

“தேய்க்கவே வேணாம் கண்டக்டரு. மேல அமுக்கினா புஸ்ஸுன்னு வரும். வலி போயிரும்.”

அன்று முதல் அவர் புஸ் கண்டக்டர்.

டப்பாவில் இங்கிலீஷும் அரபியும் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. எங்கள் இருவருக்கும் இரண்டும் ஒன்றுதான். நடுவில் ஒரு சின்னத் தீப்பிழம்பு படம். அதை மட்டும் கண்டக்டர் தெளிவாகப் படித்துவிட்டார்.

“பாத்தீகளா டிரைவரே? நெருப்பு கணக்கா வேலை செய்யும்னு படமே போட்டிருக்கான்.”

ஆனால் அடித்துப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. “படத்துல நெருப்பு, காலுல ஐஸு! மலைக்குளிர்ல மருந்து செத்துப் போச்சு” என்றார். செத்த மருந்துக்கு உயிர் கொடுக்க அவர் கண்ட வழி எங்கள் பானட்.

அந்தக் கால பஸ்ஸில் எஞ்சினை மூடிய பானட், டிரைவருக்குப் பக்கத்தில் உள்ளேயே இருக்கும். எஸ்டேட் ஆட்கள் தூக்குவாளியை அதன்மேல் வைத்துவிட்டால், மலை ஏறி முடிக்கும்போது சோறு ஆவி பறக்கும். அந்த வரிசையில் இவருடைய டப்பாவும் ஏறியது. ஒன்று பானட்டில் காயும், ஒன்று பையில் இருக்கும். மாற்றி மாற்றி வைப்பார். என் இடது முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். நட்டைத் தட்டிப் பார்த்த முட்டாளுக்கு டப்பாவைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்குள் நடந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமில்லை.

தேயிலை பறிக்கிற பேச்சியம்மா ஒருநாள் மணிக்கட்டு வலி என்று முனகினாள். முனகி முடிப்பதற்குள் புஸ். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், வழக்கம்போல நொச்சி இலையை வதக்கி வைத்துக் கட்டி, அதன்மேல் செங்கல்லைச் சுட வைத்து ஒத்தடமும் கொடுத்திருக்கிறாள். மறுநாள் கையை நீட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். மணிக்கட்டைச் சுற்றிக் கொப்புளம்.

“ஏலே கண்டக்டரு, கை வெந்து போச்சேடா!”

“எங்கிட்டக் கேக்காம ஒத்தடம் குடுப்பியா ஆத்தா? ஒரு சீட்டுக்கு ரெண்டு டிக்கெட் போட்டா சண்டை வராதா?”

கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்ததும் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் அசரவில்லை, அந்தக் கொப்புளத்து மேலேயும் ஒரு புஸ்.

அடுத்தது எஸ்டேட் கங்காணி. முழங்காலில் மருந்தை வாங்கிக்கொண்டவர், ஈரம் காயுமுன்னே பீடி பற்றவைத்தார். ‘பக்’ என்று ஒரு சத்தம். காலில் இருந்த முடியெல்லாம் காணோம், வேட்டியில் ஓரமாகத் தீ. கண்டக்டர் பணப்பையாலேயே அடித்து அணைத்தார். சில்லறை சீட்டுக்கு அடியில் உருண்டது. பஸ் முழுக்கக் கோழி பொசுக்கின வாடை.

“அண்ணே, வேணாம்ணே. இது ஆபத்தான சாமான்ணே” என்று நான் கெஞ்சினேன்.

“படத்துல நெருப்பு ஏன் போட்டான்னு இப்பத் தெரியுதா?” என்றார் அவர், பெருமையோடு!

கடைசியில் அது என்னிடமே வந்தது. ஒருநாள் மதியம், இறங்கும் நடை. மலைமேலேயே எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. அவர் சட்டையை விலக்கி நாலு அடி அடித்தார். நன்றாகப் பிடிக்கட்டும் என்று நான் கையாலே அழுத்தித் தேய்த்துவிட்டு வண்டியை எடுத்தேன். மூன்றாவது வளைவில் கண்ணில் வேர்வை இறங்கியது. தேய்த்த கையாலேயே இரண்டு கண்ணையும் துடைத்தேன்.

மிளகாய்ப் பொடியை அள்ளிக் கொட்டினால்கூட அப்படி எரியாது. கண் திறக்கவில்லை. பின்னால் நாற்பது பேர், பக்கத்தில் பாதாளம்.

“அண்ணே! கண்ணு தெரியல!”

படிக்கட்டில் நின்றவரிடமிருந்து ஒரு நீண்ட விசில். “ஸ்டியரிங்கை ஒடிக்காதீக! அப்படியே பிரேக்கை மிதிங்க! மிதிங்க டிரைவரே!”

மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. கண்டக்டர் பொரிகடலை முழங்காலோடு கீழே குதித்துச் சக்கரத்துக்குக் கல்லை அணை கொடுத்தார். முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தூக்குவாளி வைக்கிற இடம் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குக் கண் தெரியாததும் நல்லதாகப் போயிற்று.

ரேடியேட்டருக்கு வைத்திருந்த ஓடைத் தண்ணீரை என் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார். “தேய்க்காதீக, தேய்ச்சீகன்னா கையை ஒடிச்சுப்புடுவேன்” என்ற குரல் மட்டும் அழுகிற மாதிரி இருந்தது. அரைமணி நேரம் கழித்து விரலைக் காட்டினார்.

“எத்தனை?”

“மூணு.”

“ஐயோ, ரெண்டுல்ல காட்டினேன்!” எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தன் கையைத் தானே பார்த்துவிட்டு, “இல்ல இல்ல, கட்டைவிரலும் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார்.

பார்வை தெளிந்த பிறகு, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கி, சின்னமனூரில் ஒரு டாக்டரம்மா வீட்டு முன்னால் நிறுத்தினேன். அவர் என் கண்ணை மறுபடி நன்றாகக் கழுவிவிட்டு, “பார்வைக்கு ஒண்ணும் ஆகல” என்றார். நான் அழுதுவிட்டேன். பிறகு கண்டக்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த டப்பாவை டாக்டரம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, தமிழில் சொன்னார்.

“கண்ணுல படக்கூடாது. புண்ணுல, கொப்புளத்துல அடிக்கக்கூடாது. அடிச்ச இடத்துல இறுக்கிக் கட்டக்கூடாது, சூட்டு ஒத்தடம் கூடாது. தீப்பக்கம் கூடாது, அதுக்குத்தான் இந்தப் படம்.”

கண்டக்டரின் முகம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி இறங்கியது. ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தோம்.

“சூடான இடத்துல வச்சா டப்பா வெடிக்கும்.”

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

“இது மாதிரி இன்னொண்ணு இருக்கா?” என்றார் டாக்டரம்மா.

“பானட்டுல காயுதும்மா.”

“எஞ்சினை நிறுத்தியிருக்கீங்கள்ல?”

எங்கள் வண்டிக்கு செல்ஃப் வேலை செய்யாது. நிறுத்தினால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் நிறுத்துவதே இல்லை. வாசலில் அது உறுமிக்கொண்டு நின்றது, உள்ளே நாற்பது பேர்.

கண்டக்டர் ஓடினார். “எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க! கடைசி ஸ்டாப்பு!”

“பஸ் ஸ்டாண்டு இன்னும் வரலியேடா?” என்றாள் பேச்சியம்மா.

“இன்னிக்கு இங்கனதான் ஆத்தா பஸ் ஸ்டாண்டு! எறங்கு!”

பின்னாலேயே ஓடிய என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். “அங்கனயே நில்லுங்க. புள்ளைகுட்டிக்காரரு. ஒம்ம கண்ணை நான் கெடுத்தது போதும்.”

தனியாக உள்ளே போனார். எஞ்சின் அணைந்தது. பிறகு துண்டில் சுற்றிய டப்பாவை, கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டிப் பிடித்தபடி இறங்கினார். அவ்வளவு மெதுவாக அடி எடுத்து வைத்ததில் எனக்கு அந்தப் பொரிகடலைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எதிரே காலி இடத்தில் புளியமர நிழலில் அதை வைத்துவிட்டு, இருபது அடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை, பக்கத்தில் வந்த ஆடுகளைக்கூட விசில் அடித்து விரட்டினார்.

“மருந்து மோசமில்ல. நீங்க அடிச்ச விதம்தான் மோசம்” என்று சொல்லி, டாக்டரம்மா எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆறின டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, ஒரு வாரத்தில் வலி குறையாதவர்களை நேரே தன்னிடம் வரச்சொல்லுங்க என்றும் சொன்னார். பேச்சியம்மாளின் இன்னும் ஆறாத கைக்கு டாக்டரம்மாவே மருந்து போட்டார்.

அதற்கப்புறம் கண்டக்டர் மருந்து அடித்த அழகே வேறு. வண்டியை நிறுத்தி, ஆளைக் கீழே இறக்கி, டிக்கெட் குரலில் ஆரம்பிப்பார்: “பீடி அணைச்சாச்சா? கண்ணை மூடியாச்சா? ஒத்தடம் குடுக்கிறவுக, கட்டுப் போடுறவுக, புண்ணு இருக்கிறவுக எல்லாம் அடுத்த வண்டி!” பிறகு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே ஒரு புஸ். அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு சட்டம். தோளுக்கு அடித்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவின இரண்டு கையையும் அவர் மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்ப்பார். வாடை இருந்தால் மறுபடி கழுவு. இல்லாவிட்டால்தான் வண்டியை எடுக்க இரண்டு விசில்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது என் தோளுக்கு மருமகள் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்துவிடுகிறாள். நான் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். கழுவின கை இரண்டையும் முன்னால் நீட்டியபடி, விசிலுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.